எல்சி கண்ணால் பார்க்காத வீடு

எல்சியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார மாட்டாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பாதிப் படி இறங்கியவள், அணைத்தோமா என்று பார்க்கத் திரும்ப மேலே ஏறுவாள். "உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்டி" என்பேன். அதற்குக்கூடப் பயந்து பயந்துதான் சிரிப்பாள். அவளுக்கு அடுத்த நாற்காலி என்னுடையது. என் பெயர் சாவித்திரி.

வலங்கைமான் பக்கம் குத்தகைக்கு நிலம் பார்க்கும் மதலைமுத்துவின் மகள் அவள். பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை போய், சம்பாவும் பாதி கருகிய வருஷத்தில் எங்கள் ஆபீசில் சேர்ந்தாள். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை வைத்தார்கள்.

ஆபீஸ் தஞ்சாவூர் கீழவாசலில், ஓர் உரக்கடை மாடியில் இருந்தது. துபாயிலிருந்து திரும்பிய ராஜராஜன் சார் கடன் வாங்கி ஆரம்பித்தது. இங்கிலாந்தில் யார்க் என்று ஒரு பழைய ஊர். அங்கே தெருத்தெருவாகத் தாத்தன் காலத்து வீடுகள். அறையைப் பெரிதாக்க நினைக்கும் வீட்டுக்காரர்கள் லண்டன் கம்பெனி ஒன்றிடம் பிளான் கேட்பார்கள். கம்பெனி போட்டோவையும் அளவையும் ஈமெயிலில் எங்களிடம் தள்ளிவிடும். நாங்கள் வரைவோம், அவர்கள் தங்கள் பெயரைப் போட்டுக் கொடுப்பார்கள். தஞ்சாவூரில் வரைகிறார்கள் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அன்றோடு வேலை போச்சு என்று சார் வாரம் தவறாமல் மிரட்டுவார். அங்கே பொழுது விடிய வேண்டும் என்பதால் எங்கள் ஆபீஸ் மத்தியானம்தான் திறக்கும்.

அப்படி ஒரு வீடு எல்சியிடம் வந்தது. கீழே ஹால், மேலே கைக்குழந்தை தூங்கும் அறை. ஹால் சுவரின் நடுவே, பீரோ ஒன்றைச் சுவருக்குள் வைத்துப் பூசினதுபோல ஒரு செங்கல் பிதுக்கம். அதன் முன்பக்கத்தைப் பலகை வைத்து அடைத்து, பூப்போட்ட காகிதம் ஒட்டியிருந்தார்கள். அது இடத்தை அடைக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரி எழுதியிருந்தாள்.

"இது என்னது சார்?" என்று எல்சி கேட்டாள்.

"பழைய அலமாரி ஏதாச்சும் இருக்கும். இடம் வேணுங்கறாங்க. எடுத்துடும்மா."

மேலறையிலும் அதே இடத்தில் ஒரு பிதுக்கம் இருந்தது. அதை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எல்சி கீழே மட்டும் புள்ளிக்கோடு போட்டாள். இடித்துவிடலாம் என்று அதற்கு அர்த்தம். பிளான் போனது. சனிக்கிழமை காலை தன் அண்ணனை வைத்து இடிக்கப் போவதாக வீட்டுக்காரி கம்பெனிக்குச் சந்தோஷமாகப் பதில் எழுதியிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை எல்சி வந்த பஸ் பாபநாசம் தாண்டி ஒரு பழைய ரைஸ் மில் எதிரில் நின்றது. மில்லின் புகைபோக்கியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உச்சியில் இரண்டு பேர் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்தார்கள். கல்லின் உள்பக்கமெல்லாம் கரி. "அடியில தட்டுனா நிமிஷமா முடிஞ்சிரும்ல?" என்று கண்டக்டர் யாரையோ கேட்டார். "அடியில தட்டுனா மொத்தமும் நம்ம தலையிலதாங்க" என்று பதில் வந்தது.

ஆபீசுக்குள் அவள் நுழைந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. யார்க் வீட்டை வெளியிலிருந்து எடுத்த போட்டோவைத் திறந்தாள். ஓட்டுக்கூரைக்கு மேலே கனமான செங்கல் தூண் ஒன்று நின்றது. அதற்கு நேர் கீழே குழந்தையின் அறை. அதற்கும் கீழே எல்சியின் புள்ளிக்கோடு.

"அது அலமாரி இல்லக்கா, புகைபோக்கி. அடியில தட்டச் சொல்லிட்டேன்" என்றாள்.

குளிருக்காகக் கூடத்தில் நெருப்பு மூட்டுவார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஐப்பசி மழைக்கே போர்வை போதும் என்கிற ஊர்க்காரர்கள் நாங்கள்.

சார் லண்டனுக்கு போன் போட்டார். சனிக்கிழமை அங்கே லீவு, யாரும் எடுக்கவில்லை. "இடிக்கிறவனுக்குக் கண்ணு இருக்கும்மா, பாத்துப்பான். திங்கக்கிழமை நானே பேசுறேன்" என்றார்.

"குழந்தை தூங்குது சார்."

"வீட்டுக்காரிகிட்ட நேரா பேசினோம்னா அத்தனை பேர் பொழப்பும் போயிடும். உங்க அப்பாவை நினைச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்திருப்பாள். பிறகு, வீட்டுக்காரி அனுப்பிய அளவுப்படத்தின் மூலையில் இருந்த போன் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

கீழே எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத். எல்சி உள்ளங்கையை விரித்தாள், நம்பரை நான் அழுத்தினேன். வீட்டுக்காரி எடுத்தாள். "ஹலோ மேடம், ஐ காலிங் ஃப்ரம்..." என்று எல்சி தொடங்கியதுமே, எங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்று வைத்துவிட்டாள். எதையோ விற்க வந்தவள் என்று நினைத்திருக்கிறாள். இன்னொரு தடவை கூப்பிட்டோம். கோபமாக ஏதோ சொல்லிவிட்டு வைத்தாள். அதற்குள் ரிசீவர் வழியாகச் சம்மட்டிச் சத்தம் எனக்கே கேட்டது. என் ஜென்மத்தில் நான் அப்படிப் பயந்ததில்லை.

மூன்றாம் தடவை எல்சி ஹலோ சொல்லவில்லை. கத்தினாள். "பேபி! பேபி அவுட்! வால் ஃபாலிங்! பேபி டேக் அவுட்!" உரக்கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பக்கம் ரிசீவர் எதிலோ மோதும் சத்தம். யாரோ மாடிப்படியில் தடதடவென்று ஓடினார்கள். ஒரு பெண்ணின் கூச்சல். சம்மட்டி நின்றது. அதன் பிறகு எதுவுமே கேட்கவில்லை. எல்சி ஜெபம்கூடச் சொல்லாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

சார் மூச்சிரைக்க வந்து பூத் கதவைத் திறந்தார். ரிசீவரைப் பிடுங்கக் கையை நீட்டினார். அதே நேரம் போனில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. நீட்டிய கை அப்படியே நின்றது.

வீட்டுக்காரி அழுதுகொண்டே பேசினாள். மேலறைச் சுவர் வாய் பிளந்துவிட்டது, தொட்டில் முழுக்கச் செங்கல் பொடி, பிள்ளை என் இடுப்பில் இருக்கிறான் என்றாள். பிறகு, யார் நீ, இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

வேண்டாம் என்று சார் தலையாட்டினார். எல்சி அவரைப் பார்த்தாள். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மை நேம் இஸ் எல்சி, மேடம். தஞ்சாவூர், இந்தியா. யுவர் ஹவுஸ் பிளான், ஐ ட்ரா. ஐ ட்ரா ராங்" என்றாள்.