கொழும்பில் மூடிய இலை

என் அக்கா புருஷனை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனம் இளகி, "போகட்டும், பழைய கதை" என்று முடிப்பேன் என எதிர்பார்த்துப் படிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது. என் வீட்டுக்காரர் காரிமங்கலத்தில் பள்ளிக்கூட வாத்தியார். பூகோளம் சொல்லிக்கொடுப்பவர். முழுப்பரீட்சை லீவு விட்டால் அவருக்குக் கால் வீட்டில் தங்காது. முதல் வருஷம் பென்னாகரம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மாட்டுவண்டி பிடித்து ஒகேனக்கல் போனோம். அடுத்த வருஷம் ஏற்காடு. அதற்கப்புறம் மதராஸ். புருஷனும் பெண்டாட்டியும் சாமி கும்பிட அல்லாமல் சும்மா ஊர் பார்க்கப் போவது எங்கள் பக்கத்தில் அப்போது புதுசு.

"எந்தக் கோயிலுக்குங்க வாத்தியாரே?" என்று கேட்பார்கள்.

"கோயிலுக்கு இல்லீங்க. பாக்கறதுக்கு."

"பாத்து?"

இதற்கு அவர் சிரித்துக்கொண்டு நிற்பார். அவர் அப்படித்தான். யார் என்ன சொன்னாலும் சிரிப்பார். அவருக்கும் சேர்த்துக் கோபப்படுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அதில் நான் குறை வைத்ததில்லை.

எனக்குக் கூடப்பிறந்தவள் அக்கா ஒருத்திதான். அப்பா, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் தம்பி கிடையாது. அக்காவைக் கட்டியவருக்குக் கொழும்பில் ஜவுளிக்கடை. வருஷத்துக்கு ஒருதரம் ஊருக்கு வந்து, இங்கே வெயில் தாங்கவில்லை, தண்ணீர் உப்பாக இருக்கிறது என்று குறை சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருதரம் என்ன தோன்றியதோ, மாமா என் வீட்டுக்காரரைப் பார்த்து, "தம்பி, எப்பப் பாத்தாலும் படத்துல குச்சி வெச்சே சிலோனைக் காட்டிக்கிட்டு இருக்கறீங்க. லீவுல எங்களோட வாங்க, நேர்ல காட்டறேன்" என்றார்.

அன்றைக்கு இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த வாரமெல்லாம் தூக்கத்தில்கூடத் தலைமன்னார், தலைமன்னார் என்று முணுமுணுத்தார்.

தருமபுரியில் எங்கள் பக்கத்துக் குறுகிய தண்டவாளச் சின்ன ரயிலேறி மொரப்பூர் வந்து, அங்கிருந்து பெரிய ரயில் மாறி, திருச்சியில் கொழும்புக் கப்பலுக்குப் போகிற ரயிலைப் பிடித்தோம். மாமாவும் அக்காவும் இரண்டாம் வகுப்பு. நாங்கள் மூன்றாம் வகுப்பு. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவரவர் வசதி. அக்கா வீட்டுக்கென்று ஒரு கூடை மாம்பழம் கொண்டுபோனேன். என் கல்யாணப் பட்டுப் புடவையை மூட்டைக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்தேன். கொழும்பில் இறங்கும்போது கட்டிக்கொள்ளலாம் என்று ஆசை.

மண்டபத்தில் ரயில் நின்றது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களை அங்கே ஒரு முகாமில் சில நாள் நிறுத்தி வைத்து, நோய் நொடி இல்லை என்று பார்த்த பிறகே கப்பலேற்றுவார்கள். சோதிக்க வந்த அதிகாரி எங்கள் பெட்டியில் ஏறி எல்லாரையும் இறங்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் பணிவாக, தான் வாத்தியார் என்றும், அதோ அந்தப் பெட்டியில் வரும் உறவுக்காரரோடு கொழும்பு பார்க்கப் போகிறோம் என்றும் சொன்னார். அதிகாரி நல்ல மனுஷர். சந்தேகம் தீர்த்துக்கொள்ள எங்களையும் கூட்டிக்கொண்டே அந்தப் பெட்டிக்குப் போனார்.

மாமா பிளாட்பாரத்தில் இறங்கி ஒரு வெள்ளைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். ஏதோ துணிக் கம்பெனிக்காரர்.

"இவங்க உங்களைச் சேர்ந்தவங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

மாமா எங்களைத் தலை முதல் கால் வரை பார்த்தார். என் செருப்பில்லாத காலையும், மாம்பழக் கூடையையும், இவர் தோளில் தொங்கிய துணிமூட்டையையும் பார்த்தார். பிறகு வெள்ளைக்காரரைப் பார்த்தார்.

"பார்த்ததில்லையே. தோட்டத்துக்குப் போற ஆளுங்களா இருக்கும்" என்றார்.

ஜன்னலில் அக்கா உட்கார்ந்திருந்தாள். நான் "அக்கா" என்று கூப்பிட்டேன். அவள் காதில் விழுந்தது. விழுந்தது என்று எனக்குத் தெரியும். முகத்தை உள்ளே திருப்பிக்கொண்டாள்.

எங்களையும் தோட்டத்து ஆட்களோடு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். முகாம்காரர்கள் அவர்கள் வேலையைச் செய்தார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உடுப்பையெல்லாம் வாங்கி நோய் போக ஆவியில் அவித்தார்கள். என் கல்யாணப் பட்டு சாயம் இறங்கி, சரிகை கறுத்து, சுருங்கித் திரும்பி வந்தது. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்குப் போகிற ஒரு பெண், தன் மாற்றுப் புடவையை எனக்குக் கட்டக் கொடுத்தாள். "அழுவாத ஆத்தா, துணிதானே" என்றாள். கூலி ஆட்களோடு இருந்தது எனக்கு அவமானமே இல்லை. முன்பின் தெரியாத அவள் என்னை ஆத்தா என்கிறாள், எனக்கு முன்னால் அதே வயிற்றில் பிறந்தவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதுதான் எரிந்தது.

சில நாள் கழித்து வெளியே விட்டபோது இவர், "இவ்ளோ தூரம் வந்துட்டோம். கடலைத் தாண்டிப் பாத்துட்டே போயிரலாமே" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஆள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று ஊருக்கே திரும்பினோம்.

ஊருக்கு வந்தால் எங்களுக்கு முன்னால் கதை வந்து உட்கார்ந்திருக்கிறது. மாமாவின் தம்பி காரிமங்கலத்தில்தான் இருந்தார். அவருக்கு மாமா எழுதியிருக்கிறார்: வாத்தியாரும் பெண்டாட்டியும் கடலைக் கண்டதும் பயந்து, கப்பலேற மாட்டோம் என்று பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். நடந்ததை நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். யார் நம்பினார்கள்? பணக்காரன் பொய் சொன்னாலும் சபையேறும். "கூட்டிக்கிட்டுப் போன மனுசனையே கொறை சொல்றா பாரு" என்றார்கள்.

சந்தைக்குப் போனால் இவரை நிறுத்திவைத்து, "ஏங்க வாத்தியாரே, கடலு அவ்ளோ பெருசா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் வகுப்பில் சிலோனைக் காட்டக் குச்சி எடுத்தால் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார்கள் என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. அன்றே முடிவு செய்தேன். எந்த வாய் இவரைத் தெரியாது என்றதோ, அந்த வாயே நாலு பேர் நடுவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்குக் குறைவாக எதற்கும் நான் அடங்குவதாக இல்லை.

தெய்வம் எனக்குத்தான் துணை நின்றது. அடுத்த வருஷம் மாமா கொழும்பில் சொந்தமாக வீடு கட்டினார். புதுமனை புகும்போது பெண்டாட்டியின் தாய் வீட்டுச் சீர் வர வேண்டும். தாய் வீடு என்று அக்காவுக்கு என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? லீவு சமயத்தில் நாள் வைத்திருப்பதாகவும், அவசியம் வர வேண்டும் என்றும் அழைப்பு வந்தது.

"போவலாமா?" என்று இவர் பயந்து பயந்து கேட்டார்.

"போறோம். சீரு செய்யறோம். ஆனா அந்த வூட்டுல கை நனைக்க மாட்டோம்" என்றேன்.

இந்தத் தடவை மண்டபத்தில் காட்டத் தேவையான காகிதமெல்லாம் முன்கூட்டியே வாங்கி இவர் சட்டைப்பையில் வைத்திருந்தார். தனுஷ்கோடியில் கப்பலேறினோம். தலைமன்னார் தெரிகிற வரை இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. நான் வாந்தியெடுத்தேன். பழி வாங்கப் போகிறவள் இப்படியா குப்புறக் கிடப்பது என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

கொழும்பில் அவர் கடை இருந்த தெருவிலேயே ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் அறை எடுத்தோம். அடிபட்டவர்களுக்குத்தான் தெரியும், சொந்த அக்கா வீடு இருக்கிற ஊரில் கடை மாடியில் தங்குவது அந்த வீட்டுக்கு எப்படிப்பட்ட அடி என்று. காலையில் டிராம் ஏறிக் கடற்கரை பார்க்கப் போவோம். போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம் மாமா கடை வாசலை மெதுவாகக் கடப்போம். அந்தத் தெருவில் கடை வைத்திருந்தவர்கள் பாதிப்பேர் சேலம், தருமபுரிப் பக்கத்து ஆட்கள். "உங்க கொழுந்தியாளும் வாத்தியாரும் வந்திருக்காங்களாமே, ஏன் வெளியில தங்கியிருக்காங்க?" என்று அவர்கள் கேட்கக் கேட்க மாமாவுக்கு உடம்பு கூசியிருக்கும். எனக்குக் கொழும்பு மிகவும் பிடித்திருந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலமே மாமா மாடியேறி வந்துவிட்டார்.

"என்னம்மா இது? நம்ம வூடு இருக்கறப்ப இங்க தங்கினா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"பேசட்டுமுங்க மாமா. நீங்கதான் எங்களைப் பாத்ததே இல்லைன்னு சொல்லிட்டீங்களே. பாக்காதவங்க வூட்டுல எப்புடித் தங்கறது?"

"அதையா இன்னும் மனசுல வெச்சிருக்கே?"

"வேற எதை வெக்கறது? சீரு குறையில்லாமச் செய்வோம். ஆனா சாப்புட மாட்டோம். நாங்க சாப்புடணும்னா, மண்டபத்துல என்ன நடந்துச்சு, எங்களைப் பத்தி ஊருக்கு என்ன எழுதினீங்கன்னு பந்தியில எல்லாரு முன்னாலயும் நீங்க சொல்லணும்."

"அவ்ளோதானே?" என்றார். அவர் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

சீரில் ஒரு குறை வைக்கவில்லை. குத்துவிளக்கு, பால் காய்ச்சப் பித்தளைப் பானை, இருவருக்கும் துணி, ஊரிலிருந்து புளி, அவரை, ராகி எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்தோம். அக்கா வாங்கிக்கொண்டாள். என்னை நேராகப் பார்க்கவில்லை. பந்தி போட்டார்கள். இலையில் எல்லாம் வந்து, சோறும் பருப்பும் விழுந்தது. மாமா நடுவில் வந்து நின்று கையைத் தட்டினார்.

"ஒரு வேடிக்கை சொல்றேன் கேளுங்க" என்று ஆரம்பித்தார்.

சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். வெள்ளைக்காரத் துரை பக்கத்தில் நிற்கிறார், அந்த நேரம் பார்த்து மாம்பழக் கூடையோடு கொழுந்தியாள், மூட்டையோடு வாத்தியார், நான் என்ன செய்ய, "யாரோ தெரியலையே" என்று விட்டேன் ஒரு போடு என்று எங்களைப் போல நடந்துகாட்டி, மூட்டை தூக்கிக்காட்டிச் சொன்னார். கடலுக்குப் பயந்தார்கள் என்று எழுதியதையும் சொன்னார். பந்தி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "கொடுத்து வெச்சவரு வாத்தியாரு, சர்க்காரு சோறு தின்னிருக்காரு" என்றான் ஒருவன். கேட்டதை நான் பெற்றுவிட்டேன். அது என் கையிலேயே சாணியாக நாறியது. ஒரு வருஷம் நெஞ்சில் வைத்துக் காத்ததை அந்த ஆள் ஒரு நிமிஷத்தில் கூத்தாக்கிவிட்டார்.

நான் இவரைப் பார்த்தேன். வழக்கம் போலச் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பசி தாங்காத மனுஷர்.

அவர் சிரிக்கவில்லை. இலையைத் தொட்டார். நல்ல காரியங்களில் சாப்பிட்டு முடித்தால் இலையின் மேல்பாதியை நம் பக்கமாக மடிப்போம். கருமாதிச் சோற்றில்தான் நம் பக்கத்துப் பாதியைத் தூக்கி அந்தப் பக்கமாக மூடுவார்கள். என் வீட்டுக்காரர், ஒரு பருக்கை தொடாமல், ஆவி பறக்கிற சோற்றின் மேல் தன் பக்கத்துப் பாதியைத் தூக்கி அந்தப் பக்கமாக மூடினார். இரண்டு கையாலும் நிதானமாக அழுத்தினார்.

பக்கத்து இலைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். அதற்கடுத்தவர் நிறுத்தினார். பந்தி கடைசி வரை அப்படியே அடங்கிப் போனது. மாமாவின் கை இன்னும் மூட்டை தூக்குகிற மாதிரியே நின்றது. புது வீட்டின் முதல் பந்தியில் கருமாதி இலை கிடக்கிறது. அதை எந்த வேடிக்கை சொல்லி மாற்றுவார்? நானும் என் இலையை அதே மாதிரி மூடினேன்.

துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. இவரும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். தெருமுனை திரும்பியதும், "பசிக்குது புள்ள" என்றார். சைவக் கடையில் அவர் தின்ற இடியாப்பத்தைப் பார்த்துப் பரிமாறியவரே அசந்துபோனார்.

அந்தப் பந்தியில் இருந்தவர்கள் மூலமாகக் கதை எங்கள் ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. சந்தையில் கடலைப் பற்றி அப்புறம் யாரும் கேட்கவில்லை. பிறகு உலகச் சண்டை வந்தது. அதற்கு இரும்பு வேண்டுமென்று எங்கள் சின்ன ரயிலின் தண்டவாளத்தைக்கூடப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், எங்கள் லீவுப் பயணங்களும் நின்றன. கொழும்பில் குண்டு விழுந்தபோது மாமா குடும்பம் சேலத்துக்கு ஓடி வந்தது. சேலம் எங்களுக்கு எவ்வளவு பக்கம்! நாங்கள் போகவில்லை. அவர்களும் வரவில்லை.

ஆனால் என் ஆத்திரம் தீர்ந்தது இதிலெல்லாம் இல்லை. அந்தப் பந்தியன்று இவர் பின்னால் நான் வாசல் படிக்கு வந்தபோது, அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். அவள் கையில் பரிமாறிய பருப்பு ஒட்டியிருந்தது. திட்டப் போகிறாள், புது வீட்டில் இப்படிச் செய்தாயே பாவி என்று மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று நின்றேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. தெருவில் போய்க்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் முதுகையே பார்த்தாள்.

"எனக்காக இப்புடி ஒருத்தரும் எந்திரிச்சதில்லடி" என்றாள்.

இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் கழுத்து நிறைய நகையைப் பார்த்து வருஷக்கணக்காக எனக்குள் புழுங்கியதெல்லாம் அந்த ஒரு சொல்லில் குளிர்ந்தது. இதைவிட இனிப்பாக நான் எதையும் தின்றதில்லை. கையை விடுவித்துக்கொண்டு, அவளிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினேன்.