மூன்றாவது ஸ்டட்

மண்ணூர்பேட்டையில் இருக்கும் என் ஷெட்டுக்கு வருகிறவர்கள் என் கைராசியைப் புகழ்வார்கள். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டிக்கொள்வேன். அந்தக் கைராசியில் பாதிக்கு மேல் என் மச்சானுடையது. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பதினைந்து வருடம் என்னோடு கார் வேலை செய்தான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவனுக்கு எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

துருப்பிடித்து இறுகிப்போன நட்டு என்றால் அது அவன் வேலை. கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்ப்பான், எண்ணெய் ஸ்பிரே அடிப்பான், அடித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவான். ஒரு மணி நேரம் கழித்து வந்து மறுபடி அடிப்பான். பிறகு சின்னச் சுத்தியலால் நாலு தட்டு. ஸ்பேனரைப் போட்டால்கூட உடனே அவிழ்க்க மாட்டான். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை, பிறகு அவிழ்க்கிற பக்கம் ஒரு மயிரிழை. எனக்குப் பார்த்துக்கொண்டிருக்கவே பொறுக்காது.

"இன்னாடா, நட்டுக்குத் தாலாட்டு பாடிகினு கீற?" என்பேன்.

"தூங்கினாதான் மாமா வெளிய வரும்" என்பான்.

ஒரு நாள் வந்த கார், அம்பத்தூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஒரு ஐ.டி. கம்பெனிக்காரருடையது. மழைக்குத் தேங்கிய தண்ணீரில் இரண்டு நாள் நின்ற வண்டி. பிறகு ஓடும்போதெல்லாம் எஞ்சின் கொதித்தது. எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதை நாங்கள் ஹெட் என்போம். அதற்கு முன்னால் பக்கவாட்டில் இருக்கும் புகைக்குழாயை எடுக்க வேண்டும். ஹெட்டுக்குள் திருகி நிற்கும், ஸ்டட் என்கிற எட்டு மரைக்கம்பிகளும், அவற்றின் மேல் எட்டு நட்டுகளும்தான் அந்தக் குழாயைப் பிடித்திருக்கின்றன. நட்டு போனால் வேறு நட்டு போட்டுக்கொள்ளலாம். ஸ்டட் உடைந்தால் பாதித் துண்டு உள்ளேயே தங்கிவிடும். பிறகு ஹெட்டைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்கு அலைய வேண்டும்.

காலையில் மச்சான் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரத் தாமதமாகிவிட்டது. வண்டிக்காரர் அதற்குள் இரண்டு முறை போன் செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை அவருக்கு வண்டி வேண்டுமாம். அவன் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று நானே உட்கார்ந்தேன். இரண்டு நட்டுகள் வந்துவிட்டன. மூன்றாவது அசையவில்லை. ஸ்பேனரின் பிடியில் ஒரு நீள இரும்புப் பைப்பைச் செருகி முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளினேன். சட்டென்று நட்டு இளகியது போல் கைக்குத் தெரிந்தது. உள்ளுக்குள் ஏதோ சரியில்லை என்றும் தெரிந்தது. முப்பது வருடக் கைக்கு அதுகூடவா தெரியாது? ஆனால் தெரியாதது போல எண்ணெயை அடித்துவிட்டு, பைப்பை மூலையில் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது மச்சான் கை கழுவிக்கொண்டு தயாராக நின்றான். "மூணாவது எளகிடுச்சு, நீ அவுத்துடு" என்றேன். பைப் போட்டதைச் சொல்லவில்லை.

அவன் வழக்கம்போலத்தான் செய்தான். இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை, அவிழ்க்கிற பக்கம் ஒரு மயிரிழை. டக்கென்று ஒரு சத்தம். நட்டும் பாதி ஸ்டட்டும் அவன் உள்ளங்கையில் இருந்தன. அந்த நேரம் பார்த்து வண்டிக்காரரும் வாசலில் வந்து நின்றார்.

துண்டை வாங்கிப் பார்த்தேன். உடைந்த இடத்தில் ஒரு பாதி பளபளவென்று வெள்ளையாக, காய்ந்து இருந்தது. அது அப்போதுதான் உடைந்த பாதி. மறுபாதியில் எண்ணெய் ஊறியிருந்தது. எண்ணெய் உள்ளே போக வேண்டுமென்றால் அதற்கு முன்பே அங்கே விரிசல் இருந்திருக்க வேண்டும். பைப்பைப் போட்டு நான் உடைத்ததன் மீதியைத்தான் அவன் உடைத்தான். அவன் கை பட்டிருக்காவிட்டாலும் அது உடைந்திருக்கும்.

"யாருங்க உடைச்சது?" என்று கேட்டார் வண்டிக்காரர்.

எங்கள் ஷெட்டில், யார் உடைத்தாலும் உடைத்தவனே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவனும் நான்தான். "இவன்தான் சார்" என்றேன். அத்தோடு நின்றிருக்கலாம். பயத்தில் கத்துகிறவனுக்கு நிறுத்தத் தெரியாது. "பதினஞ்சு வருசமா என்னாண்ட இன்னாடா கத்துகின? ஒரு நட்டு அவுக்கத் துப்பில்ல!" என்று அந்த மனிதர் முன்னாலேயே கத்தி, துண்டைப் பழைய இரும்பு டின்னுக்குள் வீசினேன்.

மச்சான் என் முகத்தைப் பார்த்தான். மதியம் வரை இருந்து, மீதி ஐந்து நட்டுகளையும் ஒன்றுகூட உடையாமல் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினான். மறுநாள் வரவில்லை.

சேக்காட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனதும் மனைவியிடமும் அதே கதையைச் சொன்னேன். ஒரு முறை சொன்ன பொய்யை இரண்டாம் முறை சொல்வது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அவள் உடனே தம்பிக்குப் போன் போட்டாள். "தப்பு பண்ணது நீ. மாமா நாலு வார்த்த சொன்னா ரோசம் பொத்துகினு வந்துடுச்சா? வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போடா" என்றாள். அந்தப் பக்கத்தில் அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல, வெச்சிட்டான்" என்றாள்.

அவன் பூந்தமல்லியில் ஒரு ஷெட்டில் சேர்ந்துவிட்டான். மூன்று பொங்கல் போயிற்று. அக்காவுக்குச் சீர் தவறாமல் வரும். கரும்பு, மஞ்சள் கொத்து, புடவை எல்லாம் அவன் மனைவி கொண்டுவந்து கொடுப்பாள். அவன் மாங்காட்டில் இருக்கும் தன் வீட்டிலிருந்து அவளை அழைத்துவந்து, தெருமுனையில் பைக்கிலேயே உட்கார்ந்திருப்பான். என் மனைவி வாசலில் நின்று அந்தப் பக்கமே பார்ப்பாள். கூப்பிட மாட்டாள். "அவனா வந்து ஒங்கிட்ட ஒரு வார்த்த சொல்லட்டும், அப்புறம் பேசறேன்" என்பாள். எனக்காகத்தான் அந்தப் பிடிவாதம். நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவள் செருப்புகூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடியிருப்பாள். நான் உள்ளே உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன ஆடியில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயம் வீங்கியிருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரியில் நான்காம் நாள், இனிமேலும் மறைத்தால் நான் மனிதனே இல்லை என்று முடிவுசெய்து கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். "ஒந்தம்பி விசயம்..." என்று ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் வந்தா கத்தாத. தெரியாம ஒடச்சிட்டான். நீ பெரியவன், மன்னிச்சி உட்டுடு."

"சரி" என்றேன். அவள் முகம் தெளிந்துபோனது. அந்தத் தெளிவைக் கெடுக்க மனம் வரவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதுவும் பொய். எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

மதியமே அவளைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். மச்சான் ஓடிவந்தபோது வாயில் குழாய் இருந்தது. இரண்டு நாளில் போய்விட்டாள். பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை அவன்தான் கொண்டுவந்து அவள்மேல் போர்த்தினான். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவன், சாப்பாடு முடிந்து பைக்கை எடுக்கும்போது நான் பின்னாலேயே போனேன். "மச்சான், அந்த ஸ்டட்ட ஒடச்சது நான்தான். பைப் போட்டேன்" என்றேன். மூன்று வருடம் வராத வாக்கியம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"தெரியும் மாமா. ஒங்கையில தர்றதுக்கு முன்ன நான் பாக்கலியா? பாதில எண்ண இருந்துச்சே."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா அக்கா ஒன்ன கேக்கும். ஊட்டுல சண்ட வரும். நீயே சொல்லுவனு இருந்தேன்." பைக்கின் சாவியைப் பிடித்தபடியே நின்றான். "அக்காண்ட சொல்லிட்டல்ல?"

இந்த ஓர் இடத்தில் பொய் சொல்லியிருந்தால் அவனுக்காவது நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு அதற்குமேல் பொய்யும் வரவில்லை. "சொல்லல. ஒன்ன மன்னிச்சிடச் சொன்னா" என்றேன்.

அவன் கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"நீ இன்னா சொன்ன?" என்று கேட்டான்.

"சரின்னு சொன்னேன்."