முன் பிரேக் கழற்றிய சைக்கிள்கள்

மணி பதினொன்றரை இருக்கும். கடை முன்னால் கார் வந்து நின்றது. கதவைக்கூடச் சாத்தாமல் ஒருவர் ஓடிவந்தார். ஒட்டன்சத்திரத்தில் தக்காளி மண்டி வைத்திருப்பவர் என்று பிற்பாடு தெரிந்தது.

"ஏம்மா, எம்புள்ள எங்கம்மா? ஒரு சுத்துன்னு ஒம்பதரைக்குப் போனது. இன்னும் காணோமே!"

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வர அஞ்சு கிலோமீட்டர். நடக்கிறவர்கள், குதிரை, சைக்கிள், கார் எல்லாவற்றுக்கும் ஒரே பாதைதான். சோளம் தின்று, போட்டோ எடுத்து, எவ்வளவு ஆடி அசைந்து போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அந்தப் பாதையோரத்தில் பதினெட்டு வருடமாக வாடகைச் சைக்கிள் விடுகிறேன். லேட்டாக வந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று.

"வந்துரும்ணே. போட்டோ புடிச்சிக்கிட்டு நிக்கும். போன் போடுங்க" என்றேன்.

"போனு கார்லதாம்மா சார்ஜுல கெடக்கு" என்றார்.

அப்போதுதான் குதிரைக்காரர் பாண்டி அண்ணன் வாயைத் திறந்தார். "மஞ்ச ஸ்வெட்டர் போட்ட காலேஜ் புள்ளையா? எங்கிட்டத்தான் ஃபால்ஸுக்கு வழி கேட்டுச்சு. மூஞ்சிக்கல் போயி, எறக்கத்துல நேரா போத்தான்னு அனுப்பி வச்சேன்."

இறக்கம் என்று கேட்டதுமே ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டேன். ஏனென்று சொல்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள்.

கடை போட்ட புதிதில், ஹனிமூன் வந்த ஒரு மாப்பிள்ளை குதிரை குறுக்கே வந்ததும் பயந்துபோய் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டார். தலைகுப்புற விழுந்து முன்பல் இரண்டும் போச்சு. கல்யாணப் பொண்ணு அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். எல்லாச் சைக்கிளிலும் முன் பிரேக் வயரைக் கழற்றி விட்டேன். ஏரிப் பாதையில் பெரிய இறக்கம் கிடையாது, பின் பிரேக்கே போதும். அதற்கப்புறம் யாரும் அப்படி விழவில்லை. எனக்கு ஏகப்பட்ட பெருமை. புதுச் சைக்கிள் வந்து இறங்கினால் முதல் வேலையே வயரைக் கழற்றுவதுதான் என்று ஆகிவிட்டது. கைப்பிடியில் லிவர் அப்படியே இருக்கும், வயரின் கீழ்முனை மட்டும் மாட்டாமல் தொங்கும்; குனிந்து பார்க்காதவருக்கு ஒன்றும் தெரியாது. யாரிடமும் சொல்வதும் இல்லை. சொன்னால், "பிரேக் இல்லாத சைக்கிளா?" என்று பக்கத்துக் கடைக்குப் போய்விட மாட்டார்களா?

ஆனால் ஃபால்ஸ், அதாவது ஊருக்கு வெளியே இருக்கிற அருவிக்குப் போகிற ரோடு மலைப்பாதை. வளைவுக்கு வளைவு பஸ்ஸும் வேனும் ஏறி வரும். அன்றைக்குத் தூறல் வேறு. ஈரத்தில், அந்த இறக்கத்தில், பின் பிரேக் கட்டையை மட்டும் நம்பி ஒரு பொண்ணு இறங்குகிறாள்.

காரை மூஞ்சிக்கல் கடைத்தெரு நெரிசலில் நகர்த்த முடியாது. கடையை எங்கள் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, "ஏறுங்கண்ணே" என்று என் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். அவர் பின்னால் உட்கார்ந்து முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தோம். மஞ்சளாக எது தெரிந்தாலும் வண்டியை நிறுத்தினேன். ஒரு இடத்தில் அது வெறும் சாக்கு. பிரேக்கைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செண்பகனூர் தாண்டி இரண்டாவது வளைவில் பார்த்தோம். ரோட்டோரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கடலை கொறித்தபடி, மகராணி நடந்து போய்க்கொண்டிருந்தாள்!

வண்டி நிற்பதற்குள் அவர் குதித்துவிட்டார். "ஏ கிறுக்குக் கழுத! உசுரே போயிருச்சுடி எனக்கு!" என்று திட்டினார், கட்டிக்கொண்டார், மறுபடியும் திட்டினார். நான் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று அத்தனை சத்தமாக வாழ்க்கையில் சொன்னதில்லை.

"எறக்கம் வந்ததும் முன் பிரேக்கப் புடிச்சேன்க்கா. லிவரு லொடலொடன்னு வந்துச்சு. குனிஞ்சு பாத்தா வயரு தொங்குது. கழண்டு விழுந்துருச்சு போல. அப்பறம் ஏறி ஓட்ட எனக்கென்ன கிறுக்கா? தள்ளிக்கிட்டே ஃபால்ஸப் பாத்துட்டு வரலாம்னு போறேன்" என்றாள்.

அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, நீ நல்லா இருக்கணும். கடையப் போட்டுட்டு வெரசா ஓடியாந்தியே!"

ஆமாம்ணே, கழண்டுதான் போச்சு என்று தலையாட்டியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவர் கையெடுத்துக் கும்பிடப் போனார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"கழண்டு விழலண்ணே. நாந்தான் கழட்டி வச்சேன்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒரு அறை விழும் என்றுதான் நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. இறக்கத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப மத்த சைக்கிள எடுத்துட்டுப் போனவுக?"

சத்தியமாகச் சொல்கிறேன், அது வரைக்கும் எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. எங்கள் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"அந்தப் புள்ளையோடது போக பதினொண்ணு வெளிய கெடக்கே. ஏன், என்னாச்சு?" என்றார்.

"பாண்டி அண்ணன குதிரையில போகச் சொல்லுங்க. எல்லாத்தையும் திருப்பிக் கொண்டாரச் சொல்லுங்க. ஏன்னு அப்பறம் சொல்றேன்."

கேரட் ஏற்றப் போன வேன் ஒன்று சைக்கிளையும் எங்களையும் மேலே கொண்டுவந்து விட்டது. ஸ்கூட்டர் ஓட்டுகிற நிலையில் நான் இல்லை, அதை ரோட்டோரத்திலேயே பூட்டிப் போட்டுவிட்டேன். பாதையைப் பார்த்தபடி கடை வாசலிலேயே நின்றேன். ஒவ்வொன்றாக வந்தன. "எதுக்குங்க பாதியில கூப்பிட்டீங்க?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். மண்டிக்காரர் ஊருக்குக் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. மகளைக் காரில் உட்கார வைத்துவிட்டு என் பக்கத்தில் நின்று எண்ணினார். பதினொன்றாவதாக, இரண்டு பேர் மிதிக்கிற சைக்கிளில் ஒரு வயதான தம்பதி நிதானமாக வந்து இறங்கியதும்தான், "வரேம்மா. மொதல்ல வயர மாட்டு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கடையைச் சாத்திவிட்டு வயரை மாட்டினோம். இப்போதெல்லாம் சைக்கிளைக் கையில் கொடுக்கும் முன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்க்கச் சொல்கிறேன். எதை எப்போது பிடிக்க வேண்டும் என்றும் சொல்லிக் காட்டுகிறேன். அதற்குப் பொறுமையில்லாத சிலர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும். சொல்லிக் கொடுத்தும் விழுகிறவர்கள் உண்டு. முட்டி சிராய்த்து வந்து, "என்னம்மா சைக்கிள் வச்சிருக்க!" என்று வாசலில் நின்று திட்டுவார்கள். மஞ்சள் தூளை எடுத்துக்கொண்டு ஓடுவேன். திட்டுகிறார்களே என்று எனக்கு இப்போது கோபமே வருவதில்லை. ஆள் திரும்பி வந்துவிட்டதே.