அடுத்தவர் பரீட்சையில் என் பேனா

அடுத்தவருக்காகப் பரீட்சை எழுதினால் போலீஸ் பிடிக்கும். எனக்கோ அதற்குக் கல்லூரியே கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை கொடுத்திருக்கிறது. கண் தெரியாத மாணவர்கள் விடையைச் சொல்லச் சொல்ல, தாளில் எழுதித் தருவது என் வேலை. ஸ்கிரைப் என்பார்கள். விதி ஒன்றுதான்: சொன்னதை எழுத வேண்டும், சொல்லாததை எழுதக் கூடாது. மேலதிகாரி சொல்லச் சொல்ல டைப் அடிப்பவர்களே, மாமியார் சொன்ன பக்குவத்திலேயே ரசம் வைப்பவர்களே, வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்பது நமக்குத்தான் தெரியும்.

பாதியில் விட்ட பி.ஏ.

பெங்களூரில் துணிக் கம்பெனி வேலைக்காகப் பதினொரு வருஷம், எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறியவள் நான். முழங்கால் வலி வந்து அதை விட்டபோது, ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கல்லூரியில் ஸ்கிரைப் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பி.யு.சி. பாஸ், பி.ஏ. முதல் வருஷத்தோடு நிறுத்தம் என்று முணுமுணுத்தேன். கல்யாணம் ஆனதும் நின்றுபோன படிப்பு அது. எந்த விண்ணப்பத்திலும் அந்தக் கட்டத்தை நிரப்ப எனக்குக் கூசும்.

ஆபீஸ் கிளார்க்கின் முகம் மலர்ந்துவிட்டது. எழுதுகிறவர் மாணவரைவிட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் சொந்தச் சரக்கைக் கலந்துவிடுவார்களாம். அதுவரை வந்தவர்கள் எல்லோரும் டிகிரியோடு வந்து, வந்த வழியே திரும்பியிருந்தார்கள். அவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "நீங்க பி.ஏ. முடிக்காம வுட்டதுக்கு நாங்கதாம்மா தேங்க்ஸ் சொல்லணும்."

மண்மேடு

முதல் பரீட்சை, ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பிலிருந்து வரும் ரேகாவுக்கு. தமிழ்த் தாள். கட்டுரைத் தலைப்பு, சுற்றுச்சூழல் மாசு. பிளாஸ்டிக், மரம் நடுதல், ஓசோன் என்று எனக்குள் பாயிண்டுகள் வரிசை கட்டி நின்றன. அவள் ஒன்றையும் தொடவில்லை. தங்கம் எடுத்தபின் அரைத்துக் கொட்டிய சயனைடு மண்மேட்டைப் பற்றியே இரண்டு பக்கம் சொன்னாள். ஆடிக் காற்றில் அந்தத் தூள் வீட்டுக்குள் வருவது, ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி திணிப்பது, அவள் அப்பா இருமிக்கொண்டே வீட்டைப் பெருக்குவது, எல்லாம் வந்தது.

மணி அடித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. பிளாஸ்டிக்கை விட்டுவிட்டாயே, அந்த மேட்டை நீ பார்த்ததுகூட இல்லையே என்று கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. "பார்த்தவங்க பிளாஸ்டிக் எழுதட்டும்க்கா. எனக்கு இது சோத்துல நறநறன்னு கடிச்ச விஷயம்."

அவர்களுக்கு உதவுவோம்

குமரவேல் கடைசி வருஷம். அவனுடைய தமிழ்த் தாளில் வந்த கட்டுரை, 'மாற்றுத்திறனாளிகளுக்கு நம் கடமை'. கேள்வியைத் தயங்கித் தயங்கி வாசித்தேன். அவன் சிரித்தான். பிறகு அசராமல் சொல்ல ஆரம்பித்தான்: அவர்களைப் பரிவோடு பார்க்க வேண்டும், அவர்கள் சாலையைக் கடக்கக் கை கொடுக்க வேண்டும், அவர்கள் மனம் தளரக் கூடாது. மூன்று பக்கமும் யாரோ வெளியூர்க்காரர்களைப் பற்றிப் பேசுவது போலவே இருந்தது.

வெளியே வந்ததும், உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். "இன்னாக்கா நீங்க, என் கதைய சொன்னா பேப்பர் திருத்துறவரு அழுவாரு. இதுக்குத்தான் மார்க் போடுவாரு."

முதியோர் இல்லம் தேவையா?

அவன் கணக்குப் பொய்த்தது. நான்கு மார்க்கில் ஃபெயில். அந்த ஒரு தாள் தேறினால்தான் டிகிரி; டிகிரி கிடைத்தால்தான் அரசாங்க கிளார்க் வேலைக்கான பரீட்சைக்கு உட்கார முடியும். மறுபடி எழுத வந்தவன், "இந்த வாட்டி மனசுல பட்டதைத்தான் சொல்லப்போறேன்" என்றான். தலைப்பு, முதியோர் இல்லம் தேவையா?

தேவை என்றான். சுரங்கத்தில் நெஞ்சு கெட்டுப் பல வருஷமாகப் படுக்கையில் இருக்கும் தாத்தாவைத் தூக்கித் தூக்கி, அவன் அம்மாவுக்கு இடுப்பு போய்விட்டதாம். 'ஒரு நல்ல இல்லம் இருந்தால் இரண்டு பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள்' என்று முடித்தான். எனக்கோ மாமியாரைக் கடைசிவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்த கர்வம். அதற்கு மேல் பயமும் சேர்ந்துகொண்டது. எல்லோரும் 'இல்லம் என்பது அவமானம்' என்று எழுதும்போது, இப்படி எழுதினால் திருத்துகிறவர் பேனாவை வீசிவிட மாட்டாரா? இவன் வேலை என்ன ஆவது? அவன் சொன்ன கடைசி வரியை எழுதாமல், 'எனினும் பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பது பெரும் பாவம். அவர்களைக் கண்போல் காப்பதே பண்பாடு' என்று எழுதினேன். வாசித்துக் காட்டும்போது மட்டும் அவன் வரியையே வாசித்தேன். கண்காணிப்பாளர் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். குமரவேல் என் பேனா இருந்த பக்கம் தலையைத் திருப்பினான். "சரிக்கா, பேப்பரைக் கட்டிடுங்க," என்றான்.

மைசூர்பாகு

பாஸ் ஆகிவிட்டான். கோரமண்டலில் என் வீட்டை விசாரித்துக்கொண்டு, கோலைத் தட்டியபடி மைசூர்பாகு டப்பாவோடு வந்தான். ஒரு துண்டை எடுத்தேன், டப்பாவிலேயே திரும்ப வைத்துவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் அம்மாவின் இடுப்பு வலியைப் பாவம் என்று எழுதிவிட்டேன் தம்பி என்று அழுதேன்.

அவனுக்கு அன்றைக்கே தெரியுமாம். அவன் சொன்னது ஒரு வரி. என் பேனா தாளில் உரசிய சத்தம் இரண்டு வரிக்கு மேல் கேட்டதாம். கண்காணிப்பாளரிடம் சொல்லியிருந்தால் என் அட்டையைப் பிடுங்கியிருப்பார்கள், மறுநாள் ரேகாவுக்குப் பரீட்சை, அவளுக்கு எழுத வேறு ஆள் இல்லை. அதனால் வாயைத் திறக்கவில்லை என்றான். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. என்னைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

எழுந்து கோலை எடுத்துக்கொண்டான். "இப்ப பாஸானது நானா நீங்களான்னு எனக்குத் தெரியலக்கா. அடுத்த மாசம் கிளார்க் பரீட்சை, நீங்களே வாங்க. பாஸோ ஃபெயிலோ, அது நானா இருக்கணும்."

போனேன், ஒரு விடை தப்பு என்று நன்றாகத் தெரிந்தும் அவன் சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன், பி.யு.சி.க்கு அப்புறம் இத்தனை வருஷத்தில் நான் தேறிய ஒரே பரீட்சை அதுதான்.