செருப்புகளைத் திருப்பி வைத்தவள்

கடலோரத்துக் கல்மோக் ஊர்ச் சபையில் ஜொம்ரேவுக்கு ஒரு பதவியும் கிடையாது. அதற்குக் காரணம் அவளுடைய வாய்தான். அறுபத்தொரு வயதில், புருஷன் ஈரல் கெட்டுச் செத்துப்போன அந்தக் குளிர்காலத்தில், ஞாயிறு மதியம் சபையில் முள்ளங்கிக்கீரைச் சூப் கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தவள். ஆண்டவரைத் தேடி வரவில்லை, சூப்பைத் தேடி வந்தாள். இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை, அவளே ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததுதான்.

முதலில் சமையற்கட்டில் விட்டார்கள். முப்பது வருஷம் துறைமுகத்தில் கணவாய் மீன் கிழித்துக் காயப்போட்ட பெண்பிள்ளை, கத்தியும் கூர், நாக்கும் கூர். ஒரே வாரத்தில் மூன்று பேரை அழ வைத்தாள். பாடகர் குழுவில் நிறுத்திப் பார்த்தார்கள். "அக்கா, நீங்க மனசுக்குள்ளயே பாடுங்க, ஆண்டவருக்குக் கேக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கும் ஒட்டாமல் கடைசியில் வாசலில் செருப்புத் தட்டுப் பக்கம் ஒதுங்கினாள். யாரும் கொடுத்த வேலை இல்லை, அவளாக எடுத்துக்கொண்டது.

எங்கள் சபையில் தரைக்கு அடியில் சூடு ஓடும். எல்லாரும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குளிரில் வருகிறவர்களுக்கு ஏது பொறுமை? உதறித் தள்ளிவிட்டு உள்ளே ஓடுவார்கள். ஜொம்ரே குனிந்து குனிந்து ஒவ்வொரு ஜோடியாக எடுத்து, பனியைத் துடைத்து, அவரவர் இடத்தில், முனை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைப்பாள். ஆராதனை முடிந்து வருகிறவர்கள் குனியக்கூட வேண்டாம், காலை நுழைத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். நனைந்த பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணிப்பாள். எல்லாச் செருப்பையும் அடுக்கி முடித்ததும் கடைசி ஆளாகப் பின்கதவை இழுத்துத் திறந்து உள்ளே வந்து உட்காருவாள். அந்தக் கதவு கிறீச்சிடும். அப்புறம்தான் மூப்பர் தோ ஜெபம் பண்ண எழுந்திருப்பார்.

பன்னிரண்டு வருஷம் செருப்பு அடுக்கினவளுக்குத் தெரியாதது எது? யாருக்கு இடது குதிகால் தேய்கிறது, இடுப்பு வலி யாருக்கு, யார் புதுசு வாங்க வழியில்லாமல் ஒட்டுப்போட்டுக்கொண்டு வருகிறார்கள், எல்லாம் அத்துப்படி. ஒரு ஜோடி குறைந்தால் அன்று மதியமே ஒரு தூக்கில் சூப்பை ஊற்றிக்கொண்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டுவாள். "சாகலையே? சரி, குடி" என்பாள். அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

அவளுக்கு ஒரு திருட்டு வேலையும் இருந்தது. அது ஒருத்தருக்கும் தெரியாது.

வாரச் சந்தையில் பெண்களுக்கான கம்பளி பூட்ஸ் ஒரே மாதிரிதான் வரும், சாணி நிறம். சபையில் பாதிப் பேர் காலில் அதுதான். ஒரு மார்கழியில் சபைக்காக எல்லாரும் கூடி முந்நூறு முட்டைகோஸுக்குக் காரம் தடவி கிம்ச்சி ஊறுகாய் போட்டார்கள். ஒக்புன் என்பவள் உப்புப் போட்டதை, கூட வேலை செய்த கும்சுன் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "கடலையே கரைச்சு ஊத்திட்டியா?" என்று கேட்டுவிட்டாள். பேச்சு நின்றது. எட்டு வாரம் ஒருத்தி உட்கார்ந்த பக்கம் இன்னொருத்தி திரும்பவில்லை. ஒன்பதாவது வாரம் ஜொம்ரே கும்சுன் பூட்ஸை ஒக்புன் இடத்திலும், ஒக்புன் பூட்ஸைக் கும்சுன் இடத்திலும் வைத்தாள். வைத்த இடத்தில் கால் நுழைத்தே பழகியவர்கள் அல்லவா, வீட்டுக்குப் போய்க் கழற்றி, உள்ளே எழுதியிருந்த பேரைப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. அடுத்தவள் பூட்ஸோடு ஒரு வாரம் இருக்க முடியுமா? திங்கட்கிழமை கும்சுன் வேறு வழியில்லாமல் ஒக்புன் வீட்டு வாசலில் போய் நின்றாள். சாயங்காலம்தான் திரும்பினாள், வயிறு நிறைய.

இப்படி எத்தனை ஜோடி! பன்னிரண்டு வருஷத்தில் பத்தொன்பது சண்டை தீர்ந்தது. பழி என்னவோ அவள் தலையில். "ஜொம்ரே அக்காவுக்குக் கண்ணு மங்கிருச்சு, பாவம்" என்பார்கள். ஊசியில் நூல் கோர்க்கிற கண் அது! அவள் ஒன்றும் பேச மாட்டாள். அந்த வாய் சும்மா இருந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

போன வருஷம் புதிதாகப் போதகர் பான் வந்தார். இளம் பிள்ளை, நல்ல பிள்ளை. தன்னையும் சேர்த்து முப்பத்திரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தாங்க வேண்டும் என்று சபையை ஐந்து குழுவாகப் பிரித்தார். ஞாயிறு வராதவரைக் குழுத் தலைவர் சாயங்காலத்துக்குள் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும், இதுதான் ஏற்பாடு. பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். ஜொம்ரே எழுத்துக்கூட்டி முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை படித்தாள். முப்பத்தொரு பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை. பெயர் கொடுக்கச் சொன்ன அன்று அவள் வெளியே செருப்பு துடைத்துக்கொண்டிருந்தாள்.

சொன்னால் அரை நிமிஷத்தில் எழுதிவிடுவார்கள். சொல்லவில்லை. ரோஷம். ஆனால் அன்று இரவு வீட்டில் தனியாகச் சோற்றைத் தண்ணீரில் போட்டுச் சாப்பிடும்போது அவளுக்கு வலித்தது. பன்னிரண்டு வருஷம் இவர்கள் செருப்பை எண்ணினேனே, என்னை எண்ண ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்று அழுதாள்.

பிப்ரவரி மூன்றாம் ஞாயிறு. முந்தின நாள் தொடங்கிய பனி முழங்கால் அளவு கொட்டி, விடியலில்தான் ஓய்ந்திருந்தது. ஜொம்ரேயின் வீடு மலைச்சரிவில் கடைசி வீடு. அதற்கு மேலே பைன் மரங்கள் மட்டும்தான். பத்து மணிக்குக் கிளம்பியவள், முற்றத்தில் சோயா விழுது ஜாடிகளுக்குப் பக்கத்தில் கால் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் 'மளுக்'கென்றது. எழப் பார்த்தாள், கண் இருட்டியது. போன் உள்ளே அடுப்பு மேடையில் கிடந்தது. அதுவரை தவழ்ந்து போகலாம் என்று உடம்பை அசைத்தாள். உயிர் போகிற வலி.

"ஏய், யாராவது இருக்கீங்களா!" என்று கத்தினாள். பனி அந்தச் சத்தத்தை அப்படியே விழுங்கிவிட்டது. ஜாடியின் மேல் மூடியிருந்த பிளாஸ்டிக் தாளை எட்டி இழுத்து மேலே போர்த்திக்கொண்டாள். அதற்கே மூச்சு வாங்கியது.

கீழே சபையின் மணி கேட்டது. பதினொன்று.

அவள் கணக்குப் போட்டாள். வேறென்ன செய்வது? இப்போது மூப்பர் தோ ஜெபம். வடக்கே பிரிந்துபோன சொந்தங்களில் ஆரம்பித்து, கடலில் மீன் வளம், பேரப்பிள்ளை பரீட்சை என்று கால் மணி நேரம் குறையாது. அப்புறம் பிரசங்கம், அறிவிப்பு, சாப்பாடு. அதற்கும் அப்புறம்தான் பட்டியலை எடுத்து யார் வரவில்லை என்று பார்ப்பார்கள். எந்தப் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது? விரல்கள் மரத்துவிட்டன. சாயங்காலம் வரை இந்த உடம்பு தாங்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

இதில் இன்னொரு எரிச்சல் வேறு. 'செருப்பெல்லாம் குப்பையாக் கிடக்குமே! ஒருத்தன் குனிய மாட்டானே!'

அவளுக்கு ஜெபம் பண்ணவும் வராது. மற்றவர்களுக்கு ஆமென் சொல்லியே பழக்கம். வானத்தைப் பார்த்துச் சொன்னாள்: "ஆண்டவரே, இங்க ஒருத்தி கெடக்கேன். பட்டியல்ல பேரு இல்ல. உமக்காவது தெரியுதா?"

ஒரு பைன் கிளையிலிருந்து பனி சரிந்து விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் போனதோ. ஏதோ சத்தம். ஒருவர் நடக்கிற சத்தம் அல்ல, பலர். மூச்சிரைப்பு, இருமல், "பாத்து, பாத்து, வழுக்குது!" என்கிற கூச்சல். கண்ணைத் திறந்தாள். கன்னம் தரையில் பதிந்திருந்ததால் அவளுக்கு முகம் எதுவும் தெரியவில்லை. கால்கள்தான் தெரிந்தன. வாசல் வழியாகக் கால்கள் வந்துகொண்டே இருந்தன. முற்றம் நிறைந்து, வேலிக்கு வெளியேயும் நின்றன.

"இங்க கெடக்குறாங்க! ஐயோ, அக்கா!" ஒக்புன் ஓடிவந்து மண்டியிட்டாள். தன் மேல்கோட்டைக் கழற்றிப் போர்த்தினாள். கும்சுன் ஜொம்ரேயின் கைகளை எடுத்துத் தன் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டாள். போதகர் பான் போனில் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"மணி என்ன?" என்று கேட்டாள் ஜொம்ரே. நாக்கு தடித்திருந்தது.

"பதினொன்னரைகூட ஆவல."

"ஆராதனை?"

"எங்கடி ஆராதனை!" ஒக்புன் அழுதுகொண்டே பேசினாள். வயதில் மூத்தவளை 'அடி' போட்டதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. "மணி அடிச்சாச்சு. எல்லாரும் கண்ண மூடி உக்காந்திருக்கோம். மூப்பரய்யா எந்திரிக்கவே இல்ல. உக்காந்தே இருக்காரு. போதகரய்யா செருமுறாரு, அப்பவும் எந்திரிக்கல. என்னய்யான்னு கேட்டா, 'கதவு சத்தம் இன்னும் வரலையே'ங்கறாரு!"

மூப்பர் தோ பக்கத்தில் வந்து குனிந்தார். எழுபத்தைந்து வயது மனிதர், முகமெல்லாம் சிவந்திருந்தது. "எனக்கே தெரியாது, தாயி. பன்னெண்டு வருஷமா அந்தக் கதவு கிறீச்சுன்னாத்தான் என் காலு எந்திரிக்குமாம். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"போதகரய்யா உடனே, அவங்க எந்தக் குழுன்னு கேட்டாரு" என்றாள் கும்சுன். "அஞ்சு தலைவரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. உங்க குழுன்னு நான் நெனச்சேன், உங்க குழுன்னு நான் நெனச்சேன்னு... மூப்பரய்யா 'ஆமென்'னு ஒரு சத்தம் போட்டுட்டு வெளிய ஓடுனாரு. அவரு பண்ணுனதுலயே சின்ன ஜெபம் அதான்."

"மன்னிச்சிருங்கம்மா" என்றார் போதகர். கண்ணீர் மூக்கு நுனியில் நின்றது.

ஜொம்ரே பார்த்துக்கொண்டிருந்தது அவர் காலை. போதகர் காலில் மீன்பிடிக்கிற நீள ரப்பர் பூட்ஸ். அது சபையில் இருக்கிற படகுக்காரனுடையது. அவன் எங்கே? அதோ, போதகரின் கறுப்புத் தோல் ஷூவைப் பாதி நுழைத்துக்கொண்டு நிற்கிறான். மூப்பர் தோ காலில் பூப்போட்ட பெண்பிள்ளைச் செருப்பு, குதிகால் முழுக்கப் பனியில். ஒக்புன் ஒரு காலில் பூட்ஸ், மறு காலில் கழிவறைச் செருப்பு. கும்சுனுக்கு வெறும் காலுறைதான், நனைந்து கல்லாகிக் கிடந்தது. ஒருத்தர் காலிலாவது சொந்தச் செருப்பு? முப்பத்தொரு பேர், அறுபத்திரண்டு கால். எது கையில் கிடைத்ததோ அதை மாட்டிக்கொண்டு இந்த மலையை ஏறியிருக்கிறார்கள்.

அவளுக்கு மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. எனக்காகவா? இந்தச் சூப் குடிக்க வந்தவளுக்காகவா இத்தனை கால்? பயமாகக்கூட இருந்தது, அவ்வளவு பெரிய ஒன்றை அவள் அதுவரை பார்த்ததில்லை. வாய் தன்னால் பேசிவிட்டது.

"ஐயையோ, இன்னிக்கு நான் மாத்தி வைக்கலையே!"

ஒக்புன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். கும்சுனைப் பார்த்தாள். கும்சுன் அவளைப் பார்த்தாள்.

"இன்னிக்கு மாத்தலையா? அப்ப அந்தக் கிம்ச்சி வருஷம்?" என்று கேட்டாள் கும்சுன்.

ஜொம்ரே கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"என் பூட்ஸும் ஒருதரம் எங்க மச்சான் வீட்டுக்குப் போச்சே" என்றான் படகுக்காரன் மெதுவாக. "வல கிழிஞ்ச தகராறு அப்ப." அவனுக்குப் பின்னால் இன்னொருவர், "எங்க நாத்தனாரோடது எங்கிட்ட வந்துச்சு" என்றார். அப்புறம் இன்னொருவர். கண் மங்கிய கிழவி என்று பன்னிரண்டு வருஷம் சிரித்தவர்கள் அந்தச் சின்ன உடம்பைச் சுற்றி நின்று அப்படியே பார்த்தார்கள்.

"பாவி" என்றாள் ஒக்புன், அவள் கன்னத்தில் கன்னத்தை வைத்து. "திருட்டுப் பாவி. செத்துகித்துப் போயிராத."

ஆம்புலன்ஸ் பனியில் ஏற முடியாமல் சரிவின் அடியில் நின்றுவிட்டது. வீட்டுக் கதவொன்றைக் கழற்றி அதில் அவளைப் படுக்க வைத்து எட்டுப் பேர் தூக்கினார்கள். மற்றவர்கள் முன்னால் போய்ப் பனியை மிதித்து வழி பண்ணினார்கள். "எங்க குழுவுல எழுதுங்க" "அதெப்படி, எங்க வீதிதான் பக்கம்" என்று நடுவிலேயே ஒரு சண்டை ஆரம்பித்தது. ஜொம்ரே தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தபடியே போனாள். சபை வாசலிலிருந்து அவள் வீடுவரை பனி முழுக்கக் காலடித் தடம். செருப்பைப் பார்த்தே ஆளைச் சொல்கிறவள் அவள். அன்றைக்கு அவ்வளவு தூரமும் பார்த்துக்கொண்டே போனாள், எது யாருடைய தடம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.