தாய்மாமன் பூட்டிய போன்

போன் கடைக்கு வருகிற சனம் போனோடு சேர்த்து வீட்டுப் பிரச்சினையையும் மேசையில் வைக்கும். இரண்டையும் நாங்கள்தான் திறந்து கொடுக்க வேண்டும்.

நெல்லியடிச் சந்திக்குக் கிட்ட எனக்கொரு சின்னக் கடை. "புதுப் போனுக்கு எல்லாம் மாற்றித் தரப்படும். அரை மணித்தியாலம்" என்று பலகை எழுதி வெளியே தொங்கவிட்டிருக்கிறேன். வீட்டில் ஒரு அப்பாவுக்கோ மாமிக்கோ புதுப் போன் பழக்கிக் கொடுத்தவர்கள் அந்த அரை மணித்தியாலத்தைப் பார்த்துச் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நீங்களும் என் இனம்தான். கடைக்குள் வருகிறவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள், பிறகு எனக்குப் பின்னால் பார்ப்பார்கள், பிறகு கேட்பார்கள்: "போன் பாக்கிற பெடியன் இல்லையோ, பிள்ளை?"

மனிசியின் விரல்

வல்வெட்டித்துறைத் தேவராசா அண்ணை கடலுக்குப் போகிறவர். வலையும் கயிறும் இழுத்து இழுத்து அவருடைய விரல் ரேகையெல்லாம் தேய்ந்து போயிற்று. புதுப் போனுக்கு விரல் பதிய வந்தார். எந்த விரலை வைத்தாலும் போன் "திரும்ப முயற்சிக்கவும்" என்றது. பக்கத்தில் நின்ற மனைவி பொறுமை இழந்து, "விடுங்கோ பாப்பம்" என்று தன் விரலை வைத்தார். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது. விரல் வேலை செய்யாவிட்டால் அடிக்கச் சொல்லி ஒரு இலக்கமும் வைத்துக் கொடுத்தேன். அண்ணை சந்தோசமாகப் போனார்.

அடுத்த கிழமை திரும்பி வந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் மனைவி. இலக்கம் மறந்துவிட்டதாம். "கடலுக்கை நிண்டு ஒருத்தருக்கும் எடுக்கேலாமக் கிடக்கு தங்கச்சி. மனிசியையும் வள்ளத்திலை ஏத்திக்கொண்டு போறதே?" என்று என்னிடம் முறையிட்டார். வேறு வழி செய்து தருகிறேன், கொஞ்சம் இருங்கோ என்று இருவரையும் சுவரோர வாங்கில் இருத்தினேன். மனைவி கோயிலில் காணிக்கை செலுத்துகிற மாதிரி விரலை நீட்டிப் போனைத் திறந்து என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்: "அண்டைக்கே சொன்னனான், நான் இல்லாம இந்த மனிசனுக்கு ஒண்டும் திறவாது எண்டு."

எந்தப் பிள்ளையாரை அழிக்கிறது?

அவர்கள் இருக்கும்போதே கரவெட்டி யோகமலர் அக்கா வந்தார். கையில் இரண்டு போன். பழையது இடமில்லாமல் மூச்சு முட்டிக் கிடந்தது. திறந்து பார்த்தால் உள்ளே முழுக்கக் காலை வணக்கம். பூவோடு பிள்ளையார், விளக்கோடு பிள்ளையார், தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் பிள்ளையார். ஒரே படம் வேறு வேறு ஆட்கள் அனுப்பி வேறு வேறு இடத்தில் கிடக்கிறது.

புதியது கனடாவில் இருந்து வந்த ஒரு மச்சாள் கொண்டுவந்து கொடுத்ததாம். ஆர் தந்தது என்று கேட்காதையுங்கோ, பாவியுங்கோ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். வாற மாதம் அக்காவின் மூத்த மகளுக்குக் கலியாணம். படம் எடுக்க நல்ல போன் வேண்டும். மாற்றுவதற்கு முன்னால் ஒரே மாதிரி இருக்கிற பிள்ளையார்களைக் குறைப்போமா என்று பணிவாகத்தான் கேட்டேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒருவரை அழிச்சுப்போட்டு மற்றவரை வைச்சிருந்தா, அழிபட்டவர் என்ரை பிள்ளையின்ரை கலியாணத்தைப் பாத்துக்கொண்டு சும்மா இருப்பாரே?"

பைக்குள் ஒரு ஆள்

சரி, எல்லாப் பிள்ளையாரும் வரட்டும் என்று புதுப் போனை இயக்கினேன். புது ஆள் கைக்குப் போகிற போனில் உள்ளதை அழித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் அதைச் செய்யவில்லை. முகப்பில் ஒரு பெரிய நீர்வீழ்ச்சி. அதற்கு முன்னால் தலையில் இருந்து முழங்கால் வரைக்கும் நீலப் பொலித்தீன் மழையங்கி போட்டுக்கொண்டு ஒரு மனிதர் சிரித்துக்கொண்டு நின்றார். கீழே, ஆறு இலக்கம் தரச்சொல்லிக் கேட்டது.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். "எட, உவன் என்ரை தம்பியெல்லே! என்ன, ஆளை முழுசாச் சொப்பின் பைக்கை போட்டு வைச்சிருக்கினம்?"

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தவள் அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். அக்காவுக்கும் ஒரே தம்பிக்கும் பல வருசமாகக் கதைபேச்சு இல்லை. காணிச் சண்டையா, சீதனச் சண்டையா என்று கேட்டேன். ஒன்றுமில்லை. அவரிடமிருந்து போன் வருவது நின்றுவிட்டது. அவர் எடுக்காவிட்டால் நான் ஏன் எடுக்க வேண்டும் என்று அக்காவும் இருந்துவிட்டார். அப்படியே வருசம் போய்விட்டது. இப்போது மகளின் கலியாணத்துக்குத் தாய்மாமன் எங்கே என்று சபையில் எல்லாரும் கேட்பார்களே என்றேன். அக்கா போனையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "கலியாணக் காட் அடிச்சாச்சு பிள்ளை. உவன்ரை பேரையும் போட்டனான். அனுப்பத்தான் இல்லை."

மொக்கன் அல்லாத தம்பி

இலக்கத்தைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை. ஆனால் தம்பியிடம் கேட்பதாவது! அக்கா ஊகிக்கத் தொடங்கினார். முதலில் தம்பியின் மனைவி பிறந்த திகதி. "உவன் மனிசிக்குப் பயந்தவன், அதுதான்" என்று திடமாகச் சொன்னார். அது இல்லை. பிள்ளைகள் பிறந்த திகதி, தம்பி கனடாவுக்குப் போன திகதி. அதுவும் இல்லை. போன் கோபித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து வரச்சொல்லிப் பூட்டிக்கொண்டது.

இந்தத் தொழிலில் நான் கண்ட அளவில் உலகத்தில் பாதிப் பேர் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகத்தான் வைப்பார்கள். அதைச் சொல்லிப் பார்த்தேன். "சீ, எங்கடை குடும்பத்திலை படிச்சவன் உவன் ஒருத்தன்தான். அந்தளவு மொக்கன் இல்லை" என்று அக்காவுக்குப் பொல்லாத கோபம் வந்துவிட்டது; அதை அடிக்கவே விடவில்லை. அதற்குப் பிறகு அவர் சொன்ன ஊகமெல்லாம் பிழையாகப் போய், போன் இன்னும் கூட நேரம் பூட்டிக்கொண்டது. வாங்கில் இருந்த தேவராசா அண்ணைக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நான் மனிசியைக் கூட்டிக்கொண்டு வந்த மாதிரி நீங்களும் தம்பியைக் கூட்டிக்கொண்டு வரத்தான் வேணும்."

சத்தம் நின்ற இரவு

கடைசியில் அக்கா சம்மதித்தார். ஆனால் தான் கதைக்க மாட்டாராம், நான் கதைக்க வேண்டுமாம். பழைய போனில் வட்ஸ்அப்பைத் திறந்து தம்பியின் பெயரை அமத்தினேன். அழைப்புப் போகவில்லை. இந்த ஆளை நீங்கள் தடுத்து வைத்திருக்கிறீர்கள், அதை நீக்கினால்தான் எடுக்கலாம் என்று திரையில் வந்தது. வாசித்துக் காட்டினேன்.

"நானோ? நான் ஏன் தடுக்கிறன்?" என்றார் அக்கா. பிறகு மெல்ல மெல்ல நினைவு வந்தது. தம்பி வேலையால் வந்து ஆறுதலாகப் போன் எடுப்பார், இங்கே அது நடுச்சாமம். ஒரு இரவு மகள் சோதனைக்குப் படித்துவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்தாள். போன் திரும்பத் திரும்பக் கத்தியது. அக்கா சிவப்பாக இருந்த எல்லாவற்றையும் அமத்தினார். சத்தம் நின்றது. அதற்குப் பிறகு ஒருநாளும் வரவில்லை.

அந்தப் பக்கத்தில் அந்த மனிதர் எவ்வளவு தரம் எடுத்துப் பார்த்திருப்பார்! அங்கே இப்போது நடுச்சாமம், பின்னேரம் எடுப்போமா என்று கேட்டேன். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இப்பவே எடு பிள்ளை. உவனும் ஒருக்கா நித்திரை முழிக்கட்டும்."

எனக்கூடாகப் போன கதை

தடையை நீக்கி அழைத்தேன். முதல் மணியிலேயே தம்பி எடுத்துவிட்டார். "அக்கா? என்ன அக்கா, ஆருக்கும் ஏதுமே?" என்று பதறிய குரல் கடை முழுக்கக் கேட்டது. அக்கா போனை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் யார் என்று சொல்லி, அக்கா சிவப்பை அமத்திய கதையையும் சொல்லி, ஆறு இலக்கத்தைக் கேட்டேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "ஒண்டு, ரண்டு, மூண்டு, நாலு, அஞ்சு, ஆறு."

"சொல்லு பிள்ளை உவனிட்டை, கணக்கிலை அப்பவே மொக்கு எண்டு எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. "அக்காவிட்டைச் சொல்லுங்கோ தங்கச்சி, கணக்கிலை நான்தான் வகுப்பிலை முதலாம் ஆள்" என்றார் அவர். இருவருக்கும் இருவர் சொல்வதும் கேட்கிறது. ஆனாலும் நான் ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லும்வரை மற்றவர் பதில் சொல்ல மாட்டார்.

"மூத்தவளுக்கு வாற மாசம் கலியாணம் எண்டு சொல்லு." சொன்னேன்.

"தெரியும் எண்டு சொல்லுங்கோ. பிளேன் ரிக்கெற் எப்பவோ போட்டிட்டன். காட் வரேல்லைத்தானே, அதாலை மண்டபத்திலை கடைசி வரிசைக்குப் பின்னாலை நிண்டு பாத்திட்டுப் பேசாமல் வருவம் எண்டு இருந்தனான்."

அதை என்னால் திரும்பச் சொல்ல முடியவில்லை. அக்கா திரும்பி, சுவரில் தொங்கிய போன் உறைகளைக் கனநேரம் பார்த்தார். தேவராசா அண்ணையின் மனைவி கண்ணைத் துடைத்தார், போன் திறக்கிற அதே விரலால். பிறகு அக்கா என் கையில் இருந்த போனைப் பறித்து வாய்க்குக் கிட்டப் பிடித்து, பல வருசத்துக்குப் பிறகு தம்பியோடு நேரே கதைத்தார்: "பின்னாலை நிக்கிறதெண்டா என்னடா, அந்தச் சொப்பின் பையைப் போட்டுக்கொண்டே வரப்போறாய்? முன்னுக்கு வந்து நில்லடா!"

பிள்ளையார்கள் எல்லாரும் புதுப் போனுக்குக் குடியேறி முடியப் பொழுது சாய்ந்துவிட்டது. வெளியே பலகையில் அந்த அரை மணித்தியாலத்துக்குக் கீழே இப்போது "சொந்தக்காரருக்குள் கதைபேச்சு இருந்தால் மட்டும்" என்று சின்ன எழுத்தில் சேர்த்திருக்கிறேன்.