கமலாசனி தொங்கவிட்ட ஆயுதப் பலகை

இளையதம்பி ஓர் ஆணிக்காகத்தான் தச்சு ஆயுதங்கள் கிடந்த சாக்குக்குள் கையை விட்டான். உள்ளே கிடந்த உளி உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. மனைவி கமலாசனி கூச்சல் போடவில்லை. கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் காயத்தைக் கழுவி, சுத்தமான துணியால் இறுக்கிக் கட்டி, துருப்பிடித்த இரும்பு வெட்டினால் ஊசி போட்டே ஆகவேண்டும் என்று அவனைக் கிளிநொச்சி ஆசுபத்திரிக்கு பஸ் ஏற்றிவிட்டாள். பிறகு அந்தச் சாக்கைத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்தாள்.

குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாள் முதல், இளையதம்பி வயலோடு தச்சுவேலையும் பார்த்தான். அந்தப் போகம் கடைசி மழையில் நெல் அழுகிவிட்டது. இனி வீட்டில் அடுப்பு எரிவது புதிய கூட்டுறவுச் சங்கக்கடைக்குச் செய்யும் கதவு சன்னல்களை நம்பித்தான். தைப்பூசத்துக்கு முன் முடியாவிட்டால் வவுனியாவிலிருந்து ஆள் எடுப்பேன் என்று சங்கத் தலைவர் கதிர்காமநாதன் சொல்லியிருந்தார்.

கொட்டிய குவியலில் உளிகளெல்லாம் துரு. அரத்தின் பிடியைக் கறையான் தின்றிருந்தது. மரத்தில் துளை போடும் துறப்பணத்தைக் காணவே காணோம். அது இல்லாமல் கதவை நிலையோடு சேர்க்கும் பிணைச்சலைப் பூட்ட முடியாது. பஸ்ஸால் இறங்கி வந்தவனிடம் விசாரித்தாள். போன வருடம் தலைவரே இரவல் வாங்கிக்கொண்டு போனவர் என்று அவன் மெல்லச் சொன்னான்.

“அப்ப போய்க் கேளுங்கோவன்.”

“வேலை தாற மனிசனிட்ட எப்பிடியப்பா கேக்கிறது? கோவிச்சுக்கொண்டு வேலையை வேற ஆளிட்டக் குடுத்தால்?”

கமலாசனி வேலைக் கொட்டிலைச் சுற்றிப் பார்த்தாள். மண்சுவரில் ஆணி நிற்காது, தரையில் வைத்தால் கறையான் விடாது. ஆகவே பழைய தேயிலைப் பெட்டி ஒன்றைக் கழற்றி, அதன் பலகைகளைச் சட்டத்தில் அடித்து, கொட்டிலின் கூரை வளையிலிருந்து கம்பியால் தொங்கவிட்டாள். கிழிந்த சைக்கிள் ரியூப்பை வார் வாராக வெட்டிப் பலகையில் வளையங்களாக அறைந்தாள். குறடும் சுத்தியலும் அவற்றில் செருகி நின்றன. ஆணிகள் காலியான ரின்பால் தகரப் பேணிகளுக்குள் போயின. எந்தப் பேணியில் எந்த ஆணி என்று தெரிய, வெளியே ஒவ்வோர் ஆணியைக் கட்டிவிட்டாள். உழவு மெசினின் கழிவு எண்ணெயை மணலில் பிசைந்து ஒரு வாளியில் நிரப்பி, துருவைத் தேய்த்தெடுத்த உளிகளை அதற்குள் குத்திவைத்தாள். கடைசியாக, ஒவ்வோர் ஆயுதத்தைச் சுற்றியும் சுண்ணாம்பால் கோடு கீறினாள். துறப்பணத்துக்கும் நினைவிலிருந்து கீறினாள்.

“கறையானுக்குப் படம் காட்டுறியோ?” என்றான் இளையதம்பி.

ஆயுதம் இரவல் கேட்டு வந்தவர்களிடம் அவள் இல்லையென்று சொல்லவில்லை. எடுத்தவர் அந்த இடத்தில் தன் தோள் சால்வையைக் கொழுவிவிட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான். பக்கத்துக் காணி அப்புத்துரையின் பச்சைச் சால்வை மரம் அரியும் வாளின் இடத்தில் தொங்கியதை வாய்க்கால் வீதியால் போனவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். வாள் அன்றைக்கே திரும்பிவிட்டது.

காயம் ஆறிவந்த நேரத்தில், வேலையை ஆள் மாற்றுவதா என்று பார்க்கத் தலைவர் வந்தார். சரிகைச் சால்வை தோளில் இருந்தது. பலகையை மேலும் கீழும் பார்த்தவர், வெறுமையாய்க் கிடந்த கோட்டில் கண்ணை நிறுத்தினார்.

“இது என்ன பிள்ளை?”

“துறப்பணத்தின்ர இடம், ஐயா. எடுத்த ஆள் சால்வை வைக்க மறந்துபோச்சு.”

தலைவர் அந்தக் கோட்டை நன்றாகப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த சால்வையை எடுத்து அந்த இடத்தில் கொழுவிவிட்டு, வெறுந்தோளோடு வீதியில் இறங்கினார். ஊர் பார்த்தது.

துறப்பணத்தோடு அவரே திரும்பி வந்தார். கமலாசனி அதன் அலகை விரலால் தடவிப் பார்த்தாள்.

“துருப்பிடிச்சுக் கிடக்குது. இந்த எண்ணெய் மணலுக்குள்ள நாலுதரம் குத்தித் துடைச்சுத் தாங்கோ, சால்வையைத் தாறன்.”

தலைவர் குந்தியிருந்து துடைத்தார். இளையதம்பி சிரிப்பை மறைக்க எதையோ தேடுவதுபோல் பலகைப் பக்கம் திரும்பினான். ஆனால் அந்தக் கொட்டிலில் தேடுவதற்கு இப்போது ஒன்றுமே இல்லை.

“கதவைச் சொன்ன நாளுக்கு முடிச்சுத் தா, தம்பி,” என்று சால்வையை உதறித் தோளில் போட்டார் தலைவர்.

கதவுகள் பூசத்துக்கு முன்னமே பொருத்தப்பட்டன. கடை திறந்த அன்று, சங்கத்தின் பொது ஆயுதங்களுக்கும் அப்படியொரு பலகை செய்து தரும்படி தலைவர் எல்லோர் முன்னிலையிலும் கமலாசனியைக் கேட்டார். அவள் சுண்ணாம்புச் சட்டியோடுதான் வந்திருந்தாள்.